இன்வெர்ட்டர் யாருக்குக் கட்டுப்பட்டது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே இருக்கிறது பென்னலூர். அங்கிருந்து பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பூங்காக்களில் கார், கண்ணாடி, டயர், கைபேசி செய்யும் ஆலைகளின் ஷெட் கூரைகள் ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. சுமார் ஒரு லட்சம் சதுர அடிக் கூரையில் ஒரு மெகாவாட் அளவுக்குச் சூரியத் தகடுகளைப் பதிக்கலாம். இந்தப் பகுதியின் வெயிலில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 14, 15 லட்சம் யூனிட் தரும்.

ஆனால் உச்சி வெயிலில் மின்வாரிய இணைப்பு அறுந்தால், கூரையின் உற்பத்தியும் ஓரிரு நொடிக்குள் நின்றுவிடும். வெயில் இருக்கிறது, தகடு இருக்கிறது, இயந்திரங்கள் காத்திருக்கின்றன, மின்சாரம் மட்டும் இல்லை. நிறுத்தியது இன்வெர்ட்டர். பழுதானதால் நிறுத்தவில்லை, விதி அப்படிச் சொல்வதால் நிறுத்தியது. வீட்டில் மின்வெட்டைச் சமாளிக்க வாங்கி வைத்த பேட்டரி இன்வெர்ட்டரை மட்டுமே அறிந்தவர்களுக்கு இது விளங்காத புதிர். அதே பெயருள்ள பெட்டிதான் ஓரிடத்தில் கரண்ட் போனால் வேலையைத் தொடங்குகிறது, இன்னோரிடத்தில் கரண்ட் போனால் வேலையை விடுகிறது.

இந்த முரண்பாட்டுக்கு அடியில் இருப்பது ஒரு பழைய கேள்வி. இன்வெர்ட்டரின் கடமை எதுவரை? ஒருவகை மின்சாரத்தை மற்றொரு வகையாக மாற்றித் தருவதோடு அது முடிகிறதா? மின்கட்டமைப்பைத் தொந்தரவு செய்யாமல் பின்தொடர்ந்து நடப்பதும் அதில் சேருமா? அல்லது அனல்மின் நிலையத்தின் டர்பைன் போலக் கட்டமைப்பைத் தாங்கி நிறுத்தும் பொறுப்பும் அதற்கு உண்டா? வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் மேலோங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் அதது பிறந்த சூழலில் நியாயமானது. சூழல் மாறிய பிறகும் பழைய விடையையே பிடித்துக்கொண்டிருந்த இடங்களில்தான் சிக்கல் வந்திருக்கிறது.

பாதரசத்திலிருந்து சிலிக்கான் வரை

நேர்மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்கும் தேவை சூரியத் தகடுகளுக்கு வெகுகாலம் முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரு வகை மின்சாரமும் ஒரே நகரத்தில் போட்டியிட்டபோது, சுழலும் பெரிய இயந்திரங்கள் இடைத்தரகர்களாக நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றின. பின்னர் சுழற்சியே இல்லாமல் பாதரச ஆவிக் குழாய்களால் அதைச் செய்ய முடிந்தது. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் ‘தி இன்வெர்ட்டர்’ என்ற தலைப்பில் இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1957இல் வந்த தைரிஸ்டர் பாதரசத்தின் இடத்தைப் பிடித்தது. ஆனால் அதை விருப்பம்போல் அணைக்க முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டமைப்பின் அலைதான் அதை அணைத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே தொடக்கக் கால இன்வெர்ட்டர்கள் கட்டமைப்பை அண்டி வாழ்ந்ததற்குக் கொள்கை காரணமில்லை, பொருளின் இயல்பே காரணம்.

அந்தத் தளையை அறுத்ததில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் 1948இல் பிறந்து, சென்னை ஐஐடியில் 1969இல் பொறியியல் பட்டம் பெற்ற பி. ஜெயந்த் பாலிகா, 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஐஜிபிடி என்னும் மின்னணுச் சுவிட்சை உருவாக்கினார். பெரிய மின்னோட்டத்தைத் தாங்கிக்கொண்டே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடக்கூடியது அது. 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்று சந்தையில் உள்ள சூரிய இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை ஐஜிபிடியாலோ அதன் பின் வந்த சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகளாலோ இயங்குகின்றன. அதாவது, தானே ஓர் அலையை எழுப்பும் உடல் திறன் இன்வெர்ட்டருக்கு நாற்பதாண்டுகளாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்த அனுமதிப்பதா என்பது அன்று முதல் மனிதர்களின் முடிவாகிவிட்டது. இந்த விவாதத்தில் அதிகம் மறக்கப்படும் செய்தியும் இதுதான் என்று தோன்றுகிறது.

மாற்றித் தந்தால் போதும் என்ற நிலைப்பாடு

முதல் விடை சிக்கனத்திலிருந்து பிறந்தது. தகடு விலை மிக உயர்வாக இருந்த காலத்தில், ஒவ்வொரு வாட்டையும் வீணாக்காமல் கறப்பதே இன்வெர்ட்டரின் முழு வேலையாகப் பார்க்கப்பட்டது. தகட்டிலிருந்து கிடைக்கும் திறன், அது எந்த மின்னழுத்தத்தில் இயக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வெயிலும் சூடும் மாற மாற அந்த உகந்த புள்ளியும் நகரும். இன்வெர்ட்டர் ஓயாமல் அதைத் தேடிப் பிடிக்கிறது. எம்பிபிடி என்று தொழிலில் சொல்வது இந்தத் தேடலைத்தான். நல்ல இன்வெர்ட்டர்கள் இன்று வாங்கும் ஆற்றலில் 97, 98 விழுக்காட்டைத் திருப்பித் தருகின்றன. இந்த அளவுகோலில் இனி வெல்வதற்கு அதிகம் மிச்சமில்லை.

இந்த நிலைப்பாட்டுக்குள் எழுந்த பெரிய சர்ச்சை, ஒரே பெரிய பெட்டியா பல சிறிய பெட்டிகளா என்பது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்தில் சுமார் 25 லட்சம் தகடுகளும் 576 இன்வெர்ட்டர்களும் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஒரு பெட்டிக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேல். நிழலில்லாத சமவெளியில், ஒரே திசை பார்க்கும் தகடுகளுக்கு இது பொருந்தும். ஆனால் தொழிற்சாலைக் கூரை சமவெளி அல்ல. காற்றுப்போக்கிகள், புகைக்குழாய்கள், கிழக்கும் மேற்குமாகச் சரியும் தகரக் கூரைகள் எல்லாம் அங்கே உண்டு. ஒரு வரிசையில் விழும் நிழல் மற்ற வரிசைகளையும் இழுத்துவிடாமல் இருக்க, சில வரிசைகளுக்கு ஒன்றாகப் பொருத்தும் ஸ்டிரிங் இன்வெர்ட்டர்தான் அங்கே தோது. ஜெர்மனியின் எஸ்எம்ஏ நிறுவனம் 1995இல் இவ்வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு தகட்டின் முதுகிலும் ஒரு சிறு பெட்டி வைப்பது மைக்ரோ இன்வெர்ட்டர். அதில் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான என்ஃபேஸ், 2020 இறுதியில் தமிழ்நாட்டிலுள்ள சால்காம்ப் ஆலையில் தன் உற்பத்தியைத் தொடங்கியது. 2014இல் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா வளாகத்தைக் கையிலெடுத்த நிறுவனம்தான் சால்காம்ப். கைபேசி சார்ஜர் செய்து பழகிய கைகளுக்கு இன்வெர்ட்டர் பலகை அந்நியமானதல்ல. இரண்டும் மின்சாரத்தை உருமாற்றும் வேலையே.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் ஆயுளில் தெரிகிறது. தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டருக்கு ஐந்திலிருந்து பத்து ஆண்டுதான் வழக்கம். உள்ளே இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் சூட்டுக்கு எளிதில் ஆளாகின்றன. சூடு ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. சென்னைச் சுற்றுவட்டாரத்துக் கத்திரி வெயிலில், தகரக் கூரையை ஒட்டி நிழலின்றி மாட்டப்பட்ட பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். வெயில் மிகுந்த நேரத்தில் மின்சாரம் குறைவதைக் கண்டு உரிமையாளர் தகட்டைச் சந்தேகிப்பார். விலைப்பட்டியலில் அரை விழுக்காடு திறனுக்காகப் பேரம் பேசும் நாம், பெட்டியை வடக்குச் சுவரின் நிழலில் வைப்பதா என்று கேட்பதில்லை. திறனை மட்டும் அளக்கும் பார்வை, வைக்கும் இடத்தையும் ஆண்டுகளையும் அளக்க மறந்துவிடுகிறது.

பின்தொடர்ந்து நட, ஆபத்தில் விலகு

கூரைகள் பெருகி ஊர்க் கம்பிகளோடு இணைந்தபோது இரண்டாம் விடை வந்தது. அதன் தோற்றம் பயத்தில் இருக்கிறது. நியாயமான பயம்தான். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன், துணை மின்நிலையத்தில் இணைப்பை நிறுத்திவிட்டு ஏறுகிறார். அப்போது ஏதோ ஒரு கூரையிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்தால் அது உயிரைக் குடிக்கும். ஆகவே கட்டமைப்பின் அலை மறைந்ததும் இன்வெர்ட்டரும் விலகியே தீர வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 16169 இதைச் சோதிப்பதற்கென்றே உள்ளது. விலக வேண்டிய அவகாசம் 2 நொடி. இன்வெர்ட்டர்களுக்குக் கட்டாயத் தரப்பதிவு வேண்டும் என்று மத்திய அரசு 2017இல் ஆணையிட்டது. உச்சி வெயிலில் கூரை அணைவதற்குக் காரணம் இதுவே. லைன்மேனின் உயிரை முன்னிறுத்தும் இந்த விதியை யாரும் தளர்த்தச் சொல்ல முடியாது. இணைப்பைத் துண்டித்துக்கொண்டு உள்ளே மட்டும் ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்ற வழி திறந்தே இருக்கிறது. அதற்குப் பேட்டரியும் கூடுதல் சுவிட்சுகளும் வேண்டும், செலவும் கூடும்.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் ஆலைகள் டீசல் ஜெனரேட்டர்களை நம்பின. இன்றும் மின்தடையின்போது சூரிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் அலையைப் பின்தொடர்ந்து ஓடலாம். ஆனால் ஜெனரேட்டரைச் சுமார் 30 விழுக்காட்டுச் சுமைக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் அது கெடும். கூரையிலிருந்து வரும் மிகை மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்ந்தால் இன்னும் மோசம். இரண்டையும் சமன் செய்யும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத இடத்தில், டீசலை மிச்சப்படுத்த வந்த கூரை டீசலோடு சண்டை போடும்.

‘ஆபத்தில் விலகு’ என்ற விதியின் உண்மையான பலவீனம் எண்ணிக்கை பெருகியபோதுதான் வெளிப்பட்டது. ஜெர்மனியில் அலையின் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் கூரை இன்வெர்ட்டர்கள் விலக வேண்டும் என்று விதி இருந்தது. சில ஆயிரம் கூரைகள் இருந்தவரை அது பாதுகாப்பு. கூரைகள் லட்சக்கணக்கில் ஆனபோது அதே விதி பேராபத்து. அதிர்வெண் அந்தப் புள்ளியைத் தொட்டால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே கணத்தில் மறையும். 2012இல் தனி ஆணை பிறப்பித்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் போய் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் 2016 ஆகஸ்ட் 16 அன்று புளூ கட் காட்டுத்தீ மின்தடங்களைத் தாக்கியபோது சுமார் 1,200 மெகாவாட் சூரிய உற்பத்தி கணநேரத்தில் விலகியது. விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், அந்த இன்வெர்ட்டர்களில் பல, கலைந்த அலையைப் பார்த்து அதிர்வெண்ணைத் தவறாகக் கணக்கிட்டிருந்தன. கட்டமைப்பின் உண்மையான அதிர்வெண் அந்த அளவுக்கு மாறவே இல்லை. நம் நாட்டிலும் மேற்கு ராஜஸ்தானில் 2022 முதல் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய, காற்றாலை உற்பத்தி ஒரே வீச்சில் இழக்கப்பட்ட நிகழ்வுகள் பலமுறை பதிவாகியுள்ளன. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலக் கட்டமைப்பு நாட்டின் மற்றக் கட்டமைப்புகளோடு ஒரே அலையில் இணைந்துவிட்டதால், ராஜஸ்தானில் விலகும் மின்சாரத்தின் அதிர்வு ஸ்ரீபெரும்புதூர் வரை எட்டும்.

விதிநூல்கள் தாமதமாகத் திரும்பின. அமெரிக்காவின் ஐஇஇஇ 1547 தரநிலை 2003இல் வந்தபோது, கூரை நிலையம் மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்ய முயலக் கூடாது என்றது. 2018 திருத்தம், அந்தத் திறன் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. பதினைந்து ஆண்டுகளில் தடை கடமையானது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் இணைப்புத் தரவிதிகளைத் திருத்தி, பெரிய நிலையங்கள் மின்னழுத்தச் சரிவையும் ஏற்றத்தையும் குறிப்பிட்ட நேரம் தாங்கி நிற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. சிறிய கூரைகளுக்கு அதே கண்டிப்பு இன்னும் வரவில்லை.

பவர் பேக்டர்: ஆலைக்குள் நடக்கும் கணக்கு

மேலே சொன்ன சர்ச்சை நாடளாவியது. ஒரகடத்து ஆலை மேலாளரை முதலில் எட்டுவது வேறு வடிவில், மாதாந்திர மின்கட்டணச் சீட்டில். இதைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் இன்வெர்ட்டரின் பங்கு பற்றிய முழு வாதமும் இந்தச் சிறு கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

மோட்டார்களும் வெல்டிங் இயந்திரங்களும் வேலை செய்யும் திறனோடு, காந்தப்புலத்தை எழுப்பி இறக்க ரியாக்டிவ் பவர் என்ற ஒன்றையும் இழுக்கின்றன. இரண்டுக்குமான உறவைச் சொல்லும் எண்ணே பவர் பேக்டர். தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோர் இதை 0.90க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் ஈட்டுக்கட்டணம் உண்டு. ஓர் ஆலை 1,000 கிலோவாட்டை 0.95 பவர் பேக்டரில் இழுக்கிறது என்று கொள்வோம். அதன் ரியாக்டிவ் தேவை சுமார் 329 கேவிஏஆர். கூரையிலிருந்து 700 கிலோவாட் வருகிறது. இன்வெர்ட்டர் ‘மாற்றித் தந்தால் போதும்’ என்ற அமைப்பில் ஓடுவதால் வேலைத்திறனை மட்டும் தருகிறது. மின்வாரியத்திடமிருந்து இப்போது 300 கிலோவாட்தான் தேவை. ஆனால் 329 கேவிஏஆர் அப்படியே அங்கிருந்துதான் வருகிறது. மீட்டர் காணும் பவர் பேக்டர் 0.67. மாதச் சராசரியாகக் கணக்கிடுவதால் பாதிப்பு ஓரளவு மட்டுப்படும். ஆனாலும் ஆலைக்குள் எந்த இயந்திரமும் மாறாமலே அபராதத்தின் விளிம்புக்கு வந்துவிடலாம்.

வழக்கமாக உடனே மின்தேக்கிப் பலகைகளை வாங்கி வைப்பார்கள். அது வேலை செய்யும். ஆனால் கூரையில் மாட்டியிருக்கும் பெட்டியே இதைச் செய்ய வல்லது. 800 கேவிஏ திறனுள்ள இன்வெர்ட்டர் தொகுதி, 700 கிலோவாட்டைத் தந்துகொண்டே 387 கேவிஏஆர் வரை தர முடியும். ஆலையின் முழுத் தேவையும் அதில் தீர்ந்துவிடும். சில வகைகள் இரவிலும், வெயிலே இல்லாதபோதும், இந்தச் சேவையைத் தரும். வாங்கும்போது கேவிஏ அளவைச் சற்றுக் கூட்டிக் கேட்பதும், அமைப்புப் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றுவதும்தான் தேவை. கருவி இருந்தும் கடமை ஒப்படைக்கப்படாத நிலை இது.

ஞாயிற்றுக்கிழமையும் ஆயுத பூஜை விடுமுறையும் எதிர்த்திசைச் சிக்கலைக் கொண்டுவரும். ஆலை உறங்குகிறது, கூரை விழித்திருக்கிறது. மிகை மின்சாரம் வெளியே போக அனுமதி இல்லாத இடங்களில் இன்வெர்ட்டரே உற்பத்தியை அடக்கிக்கொள்ளும். அனுமதி உள்ள இடங்களில் உள்ளூர்க் கம்பியின் மின்னழுத்தம் ஏறி, எல்லை தாண்டியதும் அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக விலகும்.

தானே அலையை எழுப்பும் இன்வெர்ட்டர்

மூன்றாம் விடை கிரிட் ஃபார்மிங் என்று அழைக்கப்படுகிறது. கச்சேரியில் சுருதியைக் கேட்டுப் பாடுபவருக்கும் சுருதியையே நிறுத்துபவருக்கும் உள்ள வேறுபாடு, பின்தொடரும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் இடையே இருக்கிறது. பின்தொடர்வது, வெளியே உள்ள அலையை அளந்து அதற்கேற்ப மின்னோட்டத்தைச் செலுத்தும். அலை இல்லையென்றால் அதற்கு வேலையில்லை. கிரிட் ஃபார்மிங் வகை மின்னழுத்த அலையைத் தானே உருவாக்கி நிலைநிறுத்தும். கருத்து புதிதல்ல. மின்வெட்டுக்கு நம் வீடுகளில் ஓடும் பேட்டரி இன்வெர்ட்டர் சிறு அளவில் இதைத்தான் செய்கிறது. புதிதாக இருப்பது, ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே கட்டமைப்பில் ஒன்றோடொன்று மோதாமல் இதைச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை.

கோரிக்கையின் வேர் நிலைமத்தில் உள்ளது. அனல், நீர் மின்நிலையங்களில் சுழலும் நூற்றுக்கணக்கான டன் இரும்பு, திடீர் அதிர்ச்சி வந்தாலும் அதிர்வெண்ணைச் சட்டென்று விழவிடாமல் சில நொடிகள் தாங்கும். தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. சூரியப் பங்கு கூடக் கூட அந்த இயற்கையான தாங்கல் மெலிகிறது. இதை நம் அண்டை நாடு கண்கூடாகக் கண்டது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு இலங்கை முழுவதையும் இருளில் தள்ளியது. விடுமுறை நாளில் தேவை குறைந்து, சூரியப் பங்கு ஓங்கி, நிலைமம் தாழ்ந்திருந்ததே கோளாறு பரவக் காரணம் என்றது இலங்கை மின்சார சபை. அதே ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. சூரிய மின் துறையினர் இதை மறுத்தார்கள். கட்டமைப்பைப் புதுப்பிக்காத குறையைக் கூரைகளின் தலையில் போடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பிலும் உண்மை இருப்பதாகவே படுகிறது. நிலைமம் தாழ்ந்தது இயற்பியல். அதை ஈடுசெய்யும் பேட்டரியும் இன்வெர்ட்டர் விதிகளும் முன்கூட்டியே வராதது நிர்வாகம்.

சிறு தீவுகளில் இந்த விடை ஏற்கெனவே தேறியிருக்கிறது. கரீபியனில் உள்ள சின்ட் யூஸ்டேஷியஸ் தீவு 2017 முதல் பகலில் டீசல் இயந்திரங்களை முழுமையாக நிறுத்திவிட்டு, தகடும் பேட்டரியும் கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர்களும் கொண்டு ஓடும் வழியைக் கண்டது. யாழ்ப்பாணத்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதியுதவியில் சூரிய, காற்றாலை, பேட்டரி, டீசல் கலப்புத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 1,700 கிலோவாட் சூரியம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட்மணி பேட்டரி. தலைநிலக் கட்டமைப்பு எட்டாத இத்தகைய இடங்களில், டீசல் உறங்கும் நேரத்தில் அலையை யாராவது எழுப்பித்தான் ஆக வேண்டும்.

பெரிய கட்டமைப்புகளுக்கு இதை அப்படியே நீட்ட முடியுமா என்பதில் எதிர்வாதங்கள் வலுவானவை. கோளாறு நேரும்போது சுழலும் ஜெனரேட்டர் தன் இயல்பளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை வாரி இறைக்கும். அந்தப் பெருக்கைக் கண்டுதான் பாதுகாப்பு ரிலேக்கள் கோளாறான பகுதியை வெட்டிவிடுகின்றன. இன்வெர்ட்டரின் குறைக்கடத்தி ஒன்றேகால், ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்காது. இன்வெர்ட்டர்கள் மட்டுமே ஆளும் கட்டமைப்பில் ரிலேக்களுக்குக் கோளாறு தெரியாமலே போகலாம். அடுத்து, அலையைத் தாங்க வேண்டுமானால் கையிருப்பு ஆற்றல் வேண்டும். பேட்டரி இல்லாத கூரையில், தகட்டின் உற்பத்தியில் ஒரு பகுதியை எப்போதும் கொடுக்காமல் ஒதுக்கிவைத்தால்தான் அது முடியும். ஒதுக்கிய ஒவ்வொரு யூனிட்டும் உரிமையாளருக்கு இழப்பு.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, முதல் சில நாட்களில் நிலைமமே பலரின் வாயில் இருந்தது. ஐரோப்பிய விசாரணை முன்வைத்த சித்திரம் வேறு. அடுக்கடுக்காய்ப் பரவிய மிகை மின்னழுத்தம் அது. ஸ்பெயினின் அப்போதைய விதிப்படி புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் மாறா பவர் பேக்டரில் ஓடின. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலை அவற்றிடம் தரப்படவில்லை. அந்த விதி 2025 ஜூனில் திருத்தப்பட்டது. ஆலைக்குள் பார்த்த பவர் பேக்டர் கணக்கு, ஒரு தீபகற்பத்தின் அளவில் திரும்ப வந்திருக்கிறது. கிரிட் ஃபார்மிங் போன்ற உயர்ந்த தீர்வுக்கு முன்னால், ஏற்கெனவே மாட்டியிருக்கும் பெட்டிகளின் எளிய திறன்களை எடுத்தாள்வதுதான் முதல் கடன் என்ற வாதத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

யார் கையில் சாவி

இன்வெர்ட்டருக்குக் கட்டமைப்புப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால், அதை யார் இயக்குவது என்ற அடுத்த கேள்வி உடனே வரும். இன்றைய இன்வெர்ட்டர்கள் இணையத்தோடு பேசுகின்றன. தயாரித்த நிறுவனம் தொலைவிலிருந்தே அமைப்பை மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். உலகச் சந்தையில் சீன நிறுவனங்களின் பங்கு மிகப் பெரியது என்பதால் பல நாடுகளில் இது பாதுகாப்புப் பேச்சாகிவிட்டது. லித்துவேனியா 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களில் சீன நிறுவனங்களின் தொலைக்கட்டுப்பாட்டை 2024இல் சட்டத்தால் தடுத்தது. இந்தியா 2021இல் இன்வெர்ட்டர் இறக்குமதி வரியை 5 விழுக்காட்டிலிருந்து 20ஆக உயர்த்தியது. பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலாரின் 3.3 கிகாவாட் தகட்டு ஆலை திறக்கப்பட்டது. தகட்டில் உள்நாட்டுத் தற்சார்பு பேசப்படும் அளவுக்கு, முடிவெடுக்கும் மென்பொருள் இருக்கும் பெட்டியைப் பற்றிப் பேச்சு எழவில்லை. உறையை இங்கே பூட்டிவிட்டு மென்பொருளை வெளியே வாங்கினால் வரி உயர்வின் பயன் பாதிதான்.

சாவி உள்நாட்டுக் கையில் இருந்தாலே நியாயம் நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் சூரிய மின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி வந்த ஆணைகள் பற்றிய வழக்கில், பல ஆணைகளுக்குக் கட்டமைப்புப் பாதுகாப்பு காரணமல்ல என்று கண்ட மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2021 ஆகஸ்டில் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. உற்பத்தியைக் குறைக்கும் அதிகாரம் எந்தக் காரணத்துக்காகப் பயன்பட்டது என்று வெளியே தெரியாவிட்டால், கூரை உரிமையாளர்கள் அந்தச் சாவியை மனமுவந்து கொடுக்க மாட்டார்கள்.

தீராமல் நிற்பவை

பின்தொடர்வதா, தாங்கி நிற்பதா என்ற கேள்விக்கு ஒரே விடை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இதுவரை சான்று போதாது. தீவுக்குச் சரியானது இந்தியக் கட்டமைப்புக்கு இன்றே தேவை என்று சொல்ல முடியாது. நம் கட்டமைப்பில் சுழலும் இரும்பு இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் காற்றும் சூரியமும் தனித்தனியே பத்தாயிரம் மெகாவாட் என்ற அளவை எட்டிவிட்ட நிலையில், காற்று வீசும் ஆனி, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகல்களில் அந்த இரும்பின் பங்கு எவ்வளவு தாழும் என்பது ஆண்டுதோறும் அளந்து வெளியிடப்பட வேண்டிய எண்.

மின்னழுத்த ஆதரவில் ஐயம் குறைவு. கருவி உள்ளது, கணக்கு தெளிவு, ஸ்பெயினின் பாடமும் கண்முன் உள்ளது. அதற்கு என்ன விலை கொடுப்பது என்பதில்தான் முடிச்சு. 2021 அக்டோபரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த ஆணை, கூரைச் சூரிய மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் விதித்தது. சிறு தொழில்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2023இல் அவர்களுக்கு அது பாதியானது. கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்குக் கூரை பணம் தர வேண்டும் என்பது ஏற்கத்தக்க வாதம். அப்படியானால் அதே கூரையின் இன்வெர்ட்டர் கட்டமைப்புக்குச் செய்யும் சேவையும் அந்தக் கட்டணத்தில் கழிய வேண்டும். இரு பக்கமும் எழுதப்படாத கணக்கை ஆலைகள் தண்டனையாகவே பார்க்கும்.

மாலை நேரத்தின் விடையும் தெளிவாகவில்லை. உயரழுத்த ஆலைகளுக்கு உச்ச நேரக் கட்டணம் 25 விழுக்காடு கூடுதல். மாலை உச்சம் சூரியன் மறைந்த பின் நீள்கிறது. பேட்டரி விலை இறங்குவதால் ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். நிரப்பினால், கிரிட் ஃபார்மிங்குக்குத் தேவையான கையிருப்பு ஆற்றலும் கூடவே வந்து சேரும். அது ஆலையின் லாபத்துக்காக மட்டும் ஓடுமா, கட்டமைப்புக்கும் ஓடுமா என்பதை முடிவு செய்யும் விதி இனிதான் எழுதப்பட வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே மாட்டப்பட்ட பெட்டிகள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. எந்தப் பெட்டி எந்த அதிர்வெண்ணில், எந்த மின்னழுத்தத்தில் விலகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவேட்டை நிறுவும் நாளிலேயே தொடங்கிவிடலாம். பின்னால் தொடங்கினால் ஜெர்மனி செய்ததுபோல் வீடு வீடாகப் போக வேண்டிவரும். அப்படிப் போக நேர்ந்தால் அந்தச் செலவு வாங்கியவருடையதா, விற்றவருடையதா, விதி எழுதியவருடையதா என்பது நம் விதிகளில் இன்னும் தெளிவாகச் சொல்லப்படவில்லை.